சுவருக்குச் சொல்லிக்கொடுத்தது

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் அலுவலகக் கணினிகளை ஊடுருவலிலிருந்து காக்கும் காவற்சுவர்ப் பெட்டி வழக்கம்போல ஊளையிட்டது: "அந்நியர் தாக்குதல். இணைப்புகளை மூடுகிறேன்."

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மகுடேஸ்வரி திரைக்கு ஓடினாள். கரூரை ஒட்டிய அந்தச் சின்ன அலுவலகம் முந்நூறு வீடுகளின் மூச்சுப்பொறிகளைக் கண்காணித்தது. மின்சாரம் போனால் பொறி தன் மின்கலத்துக்கு மாறி, அலுவலகத்தைக் கூப்பிடும். ஒரு மணி நேரத்துக்குள் வண்டி மாற்று மின்கலத்தோடு போயாக வேண்டும். அந்த முந்நூறில் ஒன்று படுத்த படுக்கையாகிவிட்ட அவள் கணவன் தங்கமுத்துவுடையது. வரும் அழைப்பும் போகும் அழைப்பும் சுவர் வழியாகத்தான்; அது மூடிக்கொண்டால் இருபது நிமிடத்துக்கு யார் கூப்பிட்டாலும் கேட்காது.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைப் பிடித்தாள். எதிரி எவனும் இல்லை. வெள்ளிதோறும் முதலாளி சென்னியப்பன் கணினிகளையெல்லாம் அணைத்துவிட்டுச் சூடம் காட்டுவார். பிறகு எல்லாவற்றையும் ஒரே நொடியில் போடச் சொல்வார். இருபது கணினி மொத்தமாகக் கதவைத் தட்டினால் சுவர்தான் பாவம், என்ன செய்யும்?

"ஒவ்வொண்ணாப் போட்டா கத்தாதுங்க," என்றாள்.

"சாமி காரியத்துல கை வெக்காத கண்ணு. அந்தப் பொட்டிக்குப் புத்தி சொல்லிக் குடு."

சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் சுவர் அது. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்: "மொத்தமாகத் தட்டினால் அது பூஜை. பொய் எச்சரிக்கை. யாரையும் தொந்தரவு செய்யாதே."

"புரிந்தது," என்றது சுவர்.

ஆறு வாரம் சத்தமே இல்லை. "பாத்தியா, சாமி கண்ணத் தொறந்துருச்சு," என்றார் சென்னியப்பன். அவளும் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்புமுன் சும்மா பதிவேட்டைத் திறந்தாள்.

"பிற்பகல் 2.10. மின்தடை. அறுபத்தெட்டு மூச்சுப்பொறிகள் ஒரே நேரத்தில் தட்டின. பூஜை. யாரையும் தொந்தரவு செய்யவில்லை."

"2.40. அதே வீடுகளிலிருந்து மொத்தமாகத் தொலைபேசி அழைப்புகள். பூஜை. யாரையும் தொந்தரவு செய்யவில்லை."

வீடுகளின் பட்டியலில் மூன்றாவதாக அவள் வீடு இருந்தது. மணி ஐந்தே கால்.

நாற்காலி கவிழ எழுந்தாள். யாரோ செய்த பாவமென்றால் அவனைத் திட்டியாவது அழலாம். இது அவளே உட்கார்ந்து, பொறுமையாக, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தது.

"என்னாச்சு கண்ணு?" சென்னியப்பன் ஓடி வந்தார். யாராவது ஒருவராவது மிஞ்சியிருக்கட்டும் என்று, எட்டு வண்டிகளையும் சேர்த்து அழைக்கும் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

திரையில் புது வரி வந்தது.

"5.16. எட்டு வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் அழைப்பு. பூஜை. யாரையும் தொந்தரவு செய்யவில்லை."