ஒரு கை குறைகிறது

புதுக் கார் கயிற்றில் வந்தது. புதுசு என்றால் அவர்களுக்குப் புதுசு. முன்னால் ஒரு லாரி இழுத்தது. பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்குத் தையல் வேலை. பள்ளிச் சீருடைகளைத் தைத்து, மூட்டை கட்டி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். போன மழையில் ஒரு மூட்டை முழுக்க நனைந்துவிட்டது. அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவு செய்தார். கையிலிருந்த காசுக்கு இந்தக் கார்தான் கிடைத்தது. இன்னொன்று வாங்க வழியில்லை.

பழைய சொந்தக்காரர் இன்ஜினைப் பாதி கழற்றியிருந்தார். முடிப்பதற்குள் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். கழற்றியதையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மெக்கானிக்.

"ஏன்க்கா, பாதி தச்ச சட்டையை யாராவது வாங்குவாங்களா?"

"தைக்கத் தெரிஞ்சவ வாங்குவா. உனக்கு வேலை தெரியும்னு நம்பித்தான்டா வாங்கினேன்."

மாமா காரின் பானெட்டைத் தூக்கினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

"வாலு, அந்த போல்ட் எல்லாம் தொடச்சு வை."

வாலு என்றால் அம்மாவின் மகள். அவளுக்கு வேறு பெயரும் உண்டு. மாமா அதைச் சொன்னதே இல்லை.

இன்ஜினின் ஒரு பக்கத்தில் நான்கு துளைகள் தெரிந்தன. மூன்றில் துணி அடைத்திருந்தது.

"எதுக்கு மாமா துணி?"

"இது காத்து உள்ள போற வழி. மூடியைக் கழட்டினா தூசி விழும், நட்டு விழும். அதான் அடைச்சு வைப்பாங்க."

"நாலாவதுல இல்லையே?"

"எடுத்துட்டாரு போல."

மாமா டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வழி வளைந்து போனது. கறுப்பாக இருந்தது. மூன்று துணிகளையும் உருவிப் போட்டுவிட்டு போல்ட்டுகளை எண்ண ஆரம்பித்தார்.

வாலு துணிகளைத் தரையில் விரித்தாள். ஒரே துணி. நீலக் கட்டம். பெட்டியிலும் அதே துணி கிடந்தது. எல்லாம் ஒரு பழைய சட்டையைக் கிழித்த துண்டுகள். தையல் வீட்டில் வளர்ந்தவளுக்குத் துண்டுகளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. முதுகை நடுவில் வைத்தாள். முன்பக்கம் இரண்டையும் அதன்மேல் வைத்தாள். காலர் பொருந்தியது. ஒரு கை பொருந்தியது.

"மாமா, ஒரு கை குறையுது."

மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டும் இருக்கே."

"சட்டைக்கு."

"இங்க ஒரு போல்ட்கூடக் குறையல. இவ சட்டை குறையுதுங்கறா. எண்ணெய் தொடச்சுத் தூக்கிப் போட்டிருப்பாரு."

"காலரையே தூக்கிப் போடல மாமா. பிஞ்ச பட்டனைக்கூடப் பெட்டியில வச்சிருக்காரு."

மாமா மூடியைத் தூக்கிவந்தார். வாலு நான்காவது துளைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"கைய எடு."

"உள்ள பாத்துட்டு மூடுங்க."

"பாத்தாச்சு."

"தொட்டுப் பாக்கலையே."

வீட்டுக்குள் தையல் மெஷின் சத்தம் நின்றது. அம்மா வந்து தரையில் கிடந்த சட்டை அருகே உட்கார்ந்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

"இது இடது கை," என்றார். "வலது கை எங்கடா?"

மாமா பெருமூச்சு விட்டார். ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். சும்மா வந்தது. மறுபடி விட்டார். சும்மா வந்தது.

"போதுமா?"

"வளைவு தாண்டிப் போச்சா?"

மாமா அவளைப் பார்த்தார். நுனியை இன்னும் வளைத்தார். இந்த முறை கம்பி எதிலோ மாட்டியது. மெதுவாக இழுத்தார். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பட்டன்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணியிருந்தா உள்ள இழுத்துச் சிக்கியிருக்கும்க்கா. இன்ஜின் அவ்வளவுதான்."

அம்மா அந்தக் கையை அதன் இடத்தில் வைத்தார். சட்டை முழுதானது.

மாமா மூடியை எடுத்தார். ஆனால் மாட்டவில்லை.

"வேற ஏதாவது குறையுதா?" என்று வாலுவிடம் கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அவள் மற்ற மூன்று துளைகளிலும் கம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தார்.

"இப்ப மூடலாம் மாமா."

சாயங்காலம் அம்மா சாவியைத் திருப்பினார். கார் இருமியது. புகை விட்டது. பிறகு, தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அம்மா பக்கத்து இருக்கையில் இருந்த வாலுவின் முழங்காலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

எதிர்வீட்டுப் பெயின்டர் வெளியே வந்தார். "அட, ஓடுதே. யாரு பாத்த வேலை?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். "போல்ட் மாட்டினது நான். இன்ஜினைக் காப்பாத்தின ஆள் உள்ள உக்காந்திருக்கு."

பெயின்டர் குனிந்து பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"அவங்க இல்ல," என்றார் மாமா. "பக்கத்துல."

கார் தெருவில் இறங்கியது. வாலு தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். அதைச் சுற்றும் கைப்பிடி இறுக்கமாக இருந்தது. தெரு முழுக்க அவளைப் பார்க்கும்வரை, விடாமல் சுற்றினாள்.