தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பித்தளைத் தட்டு ஒன்று கணீரென்று தரையில் விழுந்தது. நடை முழுக்க உருண்டு வந்து, வாசற்படியில் கால் வைத்த சலோமியின் செருப்பில் மோதி நின்றது.

"உள்ள வராத! யாரா இருந்தாலும் அங்கியே நில்லு!" உள்ளறையிலிருந்து பச்சையம்மா கத்தினாள். "இன்னும் புள்ளய விக்கல!"

சலோமி நின்றுவிட்டாள். மழைக்கு முன்பிருந்தே இந்த வீட்டுக்கு அவள் வந்து போகிறாள். மந்தைவெளிக்குப் பின்னால் கால்வாய்க் கரையோரம் இருக்கும் இந்தத் தெருக்களில் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், பிரசவமான வீடுகளில் தாயையும் பிள்ளையையும் கவனிப்பதும் குழந்தை நல நிலையத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. பச்சையம்மா எப்போதும் அவளை வாய் நிறைய வரவேற்பவள். இப்படி ஒரு நாளும் விரட்டியதில்லை.

அப்புறம்தான் காலடியைப் பார்த்தாள். நிலைப்படி ஓரத்தில், பெருக்கித் தள்ளிய குப்பையின் மேல் ஒரு முறம். முறத்தில் பிறந்த மேனியாக ஒரு பெண் குழந்தை. மழைச்சாரல் அதன் மேல் தெறித்துக்கொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. கண்ணை அகல விழித்து, நடையின் கோடியில் இருட்டாக இருந்த ஓர் இடத்தையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பயந்துட்டியா நர்ஸம்மா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் கெங்கம்மா. பச்சையம்மாவின் புருஷன் ரங்கனுக்கு அக்கா. மயிலாப்பூரில் மீன் விற்பவள். "ஒம் மண்டைக்கு வெச்ச குறிதான். பெத்த ஒடம்பில்லியா, கை தவறிடுச்சி."

"பச்சப் பிள்ளைய மழைல போட்டிருக்கீங்களே, என்ன அநியாயம் இது?" சலோமி குனிந்து குழந்தையை எடுத்து முந்தானையில் சுற்றினாள். தொப்புளைப் பார்த்தாள். சாணிச் சாம்பலைக் குழைத்து அப்பியிருந்தார்கள். இந்த வீட்டில் இதற்கு முன் மூன்று பிள்ளைகள், ஒன்றுகூட எட்டாம் நாளைப் பார்க்காமல், வாய் கிட்டித்து விறைத்துச் செத்தது எதனால் என்று அவளுக்குத் தெரியும். இப்போதே கழுவி மருந்து வைத்துக் கட்டினால் இது பிழைக்கும்.

"வெந்நீர் கொண்டாங்க கெங்கம்மா."

"தொடாத!" என்று உள்ளிருந்து குரல் வெடித்தது. "வித்த அப்பறம் நீ இன்னா வேணா பண்ணிக்க. மூத்தா பாத்துக்கினே கீறா!"

கெங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "மூத்தான்னா ரங்கனுக்கு மொத பொஞ்சாதி, தேசம்மா. தல புள்ள. வலி எடுத்து, புள்ள வெளிய வராமலே போயிட்டா, பாவம். புள்ள ஆச தீரல. இவ பெக்கறத எல்லாம் ஒண்ணொண்ணா தூக்கிக்கினு பூட்றா. அதுக்குத்தான் குப்பைல போட்டு, வெளியாளு கையால தவுட்டுக்கு வாங்கறது. இது எங்க வூட்டுப் புள்ளயே இல்ல, காசு பெறாத புள்ளன்னு உட்டுட்டுப் பூடுவா. விக்கறேன்னு சொன்ன பக்கத்துத் தெரு அஸ்மத்துன்னிசா இன்னும் வரல, மழை. நீ வித்துக் குடேன். நீ வேதக்காரி, மாதாகோயிலுக்குப் போறவ, மூத்தாளுக்கு ஒன்னத் தெரியாது."

தவிடும் விற்பனையும்! சலோமிக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் இதைச் செய்தால்தான் தொப்புளைக் கழுவவிடுவார்கள் என்றால், செய்துவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்?

"சரி, விக்கிறேன்."

"ஒண்ணு மட்டும் சொல்லிடு." கெங்கம்மா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "வயித்துல புள்ள கீறவ விக்கக் கூடாது. மூத்தா கண்ணு அங்க பூடும். ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

விறைப்பான வெள்ளைப் புடவைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் தளர்த்திக் கட்டிய கொசுவத்துக்கு அடியில், காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்த உயிர் அப்போதும் ஒரு முறை துள்ளியது. இரண்டு முறை கரைந்து போன பிறகு தங்கியிருக்கும் பிள்ளை. வேறொரு நர்ஸைக் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே நிலையத்தில் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கணவனுக்கோ அச்சாபீஸ் வேலை போய்விட்டது. கெங்கம்மாவிடம் சொன்னால் மறுநாள் மீன் கூடையோடு மயிலாப்பூர் முழுக்கப் போய்விடும்.

"எனக்கா? ஒண்ணும் இல்ல," என்றாள் சலோமி.

வீட்டின் பக்கவாட்டில், சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குத்தான் வழி இருந்தது. கொல்லைப்புறச் சன்னலண்டை போய் நின்று, தவிட்டுக்குப் பிள்ளை வேண்டுமா என்று மூன்று தரம் கேட்க வேண்டும். உள்ளேயிருந்து தாய் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள் என்று கெங்கம்மா சொல்லி அனுப்பினாள். ஐப்பசி மழையில் பொழுது சாயும் முன்பே வெளிச்சம் செத்துவிட்டது. ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் சேற்றில் சளக் சளக்கென்று விழ, கரையில் கட்டியிருந்த விறகுப் படகுகள் ஒன்றோடொன்று உரசி முனக, ஊறிப்போன சவுக்குக் கட்டையின் வாடையும் கால்வாயின் உப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏற, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்தாள் சலோமி. எங்கோ தூரத்தில் டிராம் மணி கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு சன்னல் கைக்குத் தட்டுப்பட்டது. அதன் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

"தவிட்டுக்குப் பிள்ளை தர்றேன். வாங்கிக்கிறீங்களா?" என்றாள். தன் குரலே அவளுக்கு விளையாட்டாக இருந்தது.

உள்ளே யாரோ தரையோடு தரையாகக் காலை இழுத்து நகரும் ஓசை மட்டும் வந்தது. பெற்ற உடம்பு, மெதுவாகத்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"தவிட்டுக்குப் பிள்ளை தர்றேன். வாங்கிக்கிறீங்களா?"

ஓசை சன்னலுக்கு நேராக வந்து நின்றது. மக்கிய தவிட்டின் நாற்றம். வருஷக்கணக்காகத் திறக்காத பானையைத் திறந்ததுபோல. கையிலிருந்த குழந்தை அவள் மார்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மூன்றாம் தரம் கேட்காமல் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

இரண்டு கைகள் வெளியே வந்தன.

வளையல் இல்லாத கைகள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்துச் சுருங்கிய விரல்கள். குவித்து வைத்திருந்த தவிடு சலோமியின் முந்தானையில் கொட்டியது. புழு நெளியும் தவிடு.

அவள் குழந்தையை நீட்டினாள்.

கைகள் குழந்தையை வாங்கவில்லை. அதன் முதுகை லேசாகத் தொட்டன. விலகின. கீழே இறங்கின.

சலோமியின் வயிற்றில் வந்து நின்றன.

எத்தனை பெண்களின் வயிற்றில் அவள் இப்படிக் கை வைத்துப் பார்த்திருப்பாள்! தலை எங்கே, முதுகு எங்கே என்று விரல் நுனியால் தேடுவது அவள் தொழில். அதே தேடல். அதே பொறுமை. தலை. முதுகு. மடங்கிய கால்.

கத்த வாய் திறந்தாள். அதற்குள் அந்த விரல்கள் அழுந்தின.

குளிர் உள்ளே போயிற்று. தோலைத் தாண்டி. சதையைத் தாண்டி. எதையோ பக்குவமாக, வலிக்காமல், ஏந்தி எடுப்பதுபோல.

சன்னல் சாத்திக்கொண்டது.

எப்படி வாசலுக்கு ஓடி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சேறு முழங்கால் வரை. மார்பில் குழந்தை. அது இப்போது ஓங்கி அழுதுகொண்டிருந்தது. நல்ல, வலுவான அழுகை.

கெங்கம்மா எதிரே ஓடி வந்தாள். "எங்கம்மா பூட்ட? கையில தவுட்ட வெச்சிக்கினு பச்சையம்மா எம்மா நேரமா சன்னலாண்டயே குந்திக்கினு கீது!"

"குடுத்தாங்களே," என்றாள் சலோமி. முந்தானையைக் காட்டினாள். "சன்னல் வழியா... தவிடு..."

"எந்தச் சன்னலு?"

"மொதல்ல இருக்கிறது."

கெங்கம்மாவின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. "அது தேசம்மா செத்த ரூமாச்சே. அன்னிக்கே ஆணி அடிச்சி மூடினது."

அவள் பார்வை முந்தானைத் தவிட்டில் விழுந்தது. அங்கிருந்து, நனைந்த புடவை ஒட்டிக் காட்டிக்கொடுத்த வயிற்றில் வந்து நின்றது. கை நீட்டி, குழந்தையை மட்டும் மெல்ல வாங்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

சலோமி தன் வயிற்றில் கை வைத்தாள்.

அழுத்தினாள்.

தட்டினாள். காத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

மழை சட்டென்று ஓய்ந்தது. வீடு முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில், நடையின் கோடியில் ஆணி அடித்த கதவுக்குப் பின்னால், உத்திரத்தில் கயிறு உரசும் சத்தம். கிறீச். கிறீச். பாரம் ஏறிய தூளி ஒன்று மெதுவாக ஆடுகிறது. ஒரு பெண் குரல், வார்த்தை இல்லாமல், தாழ்ந்த ராகத்தில் முனகுகிறது. அதற்கு நடுவே, மூச்சே பழகாத ஏதோ ஒன்றின் மெல்லிய சிணுங்கல்.

உள்ளறையிலிருந்து பச்சையம்மா கூப்பிட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியில் நனைந்த குரல்.

"அண்ணி, கேக்குதா? மூத்தா தாலாட்டுது! அதுக்கு எங்கியோ ஒரு புள்ள கெடச்சிடுச்சி!"