மிரட்டத் தெரியாத கடத்தல்காரன்

"ஐயோ... என் புள்ளையக் கடத்திட்டாங்க!"

புஷ்பமேரியின் அலறலில் நாகல் நகர் தெருவே கூடிவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீவிதா போனை வாங்கினாள். புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப் மெசேஜ்.

'அன்பார்ந்த பெற்றோரே! அனிஷா எங்கள் வசம்! படித்தவள், பண்பானவள், சிரித்தால் வீடே நிறையும்! இப்படியொரு பெண்ணைத் துபாய்க்கு அனுப்பத்தான் வேண்டுமா? சிந்திப்பீர்! நாளைய மூன்றாவது ஓலையை நிறுத்துவீர்! ஆதரவுக்கு நன்றி!'

"ஓலையா?"

"மாதா கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண அறிவிப்பு வாசிப்பாங்க மேடம்" என்றார் அனிஷாவின் அப்பா ஞானராஜ். ஏகத்துக்கும் வியர்த்திருந்தார். "தடை இருந்தா யாரு வேணும்னாலும் சாமியார்ட்ட சொல்லலாம்."

"அப்புறம் எதுக்குக் கடத்தணும்? நேராப் போயிச் சொல்ல வேண்டியதுதானே?"

ஜீவிதா மெசேஜை மறுபடி வாசித்தாள்.

"கடத்துறவன் வெட்டுவேன், குத்துவேம்பான். இவன் புகழுறான். கேள்வி கேட்டு நம்மளையே தலையாட்ட வைக்கிறான். கடைசில நன்றி வேற! இது மிரட்டுற குரல் இல்லம்மா... சரக்கு விக்கிற குரல்! ஐயா என்ன தொழில்?"

"ஆட்டோல மைக் கட்டி, கடைகளுக்கு விளம்பரம்..." என்ற புஷ்பமேரி, பாதியில் நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள்.

"சாமியார்ட்ட போக முடியாதவரு ஒருத்தர்தான்" என்றாள் ஜீவிதா. "மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுத்தவரு!"

ஞானராஜ் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒத்தப் புள்ள மேடம்... அவ இல்லாத வீட்டுல எனக்குச் சோறு எறங்காது. குடுத்த வாக்க மாத்தவும் வாய் வரல. கன்னிவாடில என் தங்கச்சி ரீனாவுக்கு மேலுக்கு முடியலன்னு பொய் சொல்லி, அனிஷாவ பஸ் ஏத்திவிட்டேன்."

"அடப்பாவி மனுசா!"

ஜீவிதா ரீனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அனிஷாவா? இங்க வரவே இல்லையே!"

ஞானராஜின் முகத்தில் ரத்தம் வற்றியது. பொய்யாகக் கடத்திய பெண்ணை எவனோ நிஜமாகவே...!

"மேடம்! எம்புள்ளையக் காப்பாத்துங்க!"

வாசலில் பைக் சத்தம்!

அனிஷா இறங்கினாள். பின்னாலேயே கொடைரோட்டு மாப்பிள்ளை ரொனால்டு!

"நம்ம அம்மா பதறிப்போய் அந்த மெசேஜ இவருக்கு அனுப்பிட்டாங்க. இவரு எனக்குப் போன் பண்ணி வாசிச்சாரு. அம்புட்டும் நீங்க மைக்ல பேசுறதுதான்ப்பா! பாதி வழில எறங்கி இவர வரச் சொன்னேன், அதோட போன்ல சார்ஜ் போயிருச்சு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார் ஞானராஜ். "மன்னிச்சிரும்மா... நீ துபாய்க்கே போயிட்டு வா."

"அது நடக்காது மாமா" என்றான் ரொனால்டு. "அத வாசிச்சதும் மனசு கேக்கல. துபாய் வேலைய இப்பத்தான் வேணாம்னு சொன்னேன். இனிமே இதே வீட்டுலதான்... உங்க கூடவே!"

"ந... நம்ம வீட்டுலயா? இருக்கிறதே ஒரு ரூம் தானே மாப்பிள!"

ஜீவிதா தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

"அம்புட்டு அருமையா விளம்பரம் பண்ணீங்கல்ல? மகள எடுத்துக்கங்க ஐயா... மாப்பிள இலவசம்!"