மருமகள் படித்த கடைசி வரி

பெரியவர் எழுதிய வரவேற்புரை 'வணக்கம்' என்று முடிந்திருந்தது. கணினித் திரையின் வலப்பக்கத்தில், மருமகளின் தாய்மொழி எழுத்தில், அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

அந்த எழுத்து அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. 'சரி', 'போதும்', 'மாமா', 'சாப்பிட்டீங்களா'. தெரிந்த சொற்கள் அவ்வளவுதான். இடப்பக்கம் தமிழில் தட்டினால் அதே ஒலியை வலப்பக்கம் அவளுடைய எழுத்தில் காட்டும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மகன் பங்காளிகளை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தான். "ஊமைப் பொம்மையைக் கட்டிட்டு வந்திருக்கான்" என்று கல்யாணத்தன்று சிரித்தவர்கள். இன்று அவள் தமிழில் வரவேற்க வேண்டும். அவர்கள் வாயடைத்து நிற்க வேண்டும்.

பொருள் தெரியாமலே அவள் கணீரென்று படித்தாள். அந்த வரிக்கும் வந்தாள்.

"வாசல்ல நிக்கிறேன்."

மழையே இல்லாத அந்த மாலையில், மின்விசிறி சுற்றச் சுற்ற, ஈர மண்ணும் மக்கிய துணியும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் பரவ, அதன் பின்னாலேயே யாரோ நகத்தால் மரத்தைப் பொறுமையாக வருடும் ஓசையும் வந்தது.

"இதை நான் எழுதலையேம்மா."

"சரியா, மாமா?" அவள் சிரித்தாள். திரையில் இன்னொரு வரி முளைத்தது. அதையும் படித்தாள். "ரொம்ப நாளா நிக்கிறேன். ஒரு தடவ கூப்பிடுங்க. போதும்."

தெரிந்த சொல் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

கதவுக்கடியில் இரண்டு பாதங்களின் நிழல்.

பெரியவர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. "யாரா இருந்தாலும் கேட்டுக்கோ. இந்த வீட்டுக்குள்ள யார் வரணும்னு நான்தான் சொல்லணும். ஒண்ணும் தெரியாத பொண்ணோட வாயால நுழையப் பாக்கிறியா? என் மருமக அவ. நடக்காது!"

புது வரி. அவள் படிக்கத் தொடங்கினாள்.

"உள்..."

அவர் மின்கம்பியைப் பிடுங்கினார். திரை அணைந்தது. அவள் உதடுகள் நிற்கவில்லை. உள்ளங்கையால் பொத்தினார்.

"போதும்மா. போதும்."

அடங்கினாள். மிரண்ட கண்கள் அவரையே பார்த்தன.

கதவின் கைப்பிடி பாதி திரும்பி நின்றது. காத்திருந்தது.

"கூப்பிட மாட்டேன்" என்றார் அதைப் பார்த்து.

சொல்லி முடித்த பின்னும் உதடுகள் அவர் சொல்படி மூடவில்லை.

பற்களை இறுகக் கடித்தார். தாடை வலித்தது. தலை குனியவில்லை.

கடித்த பற்களுக்குப் பின்னால், அவர் அசைக்காத அவருடைய நாக்கு, மெல்ல மடிந்து, 'உள்ளே' என்பதன் 'ள்'ளுக்காக அண்ணத்தைத் தொட்டது.