விற்காத போண்டாக்கள்

வாசலில் பைக் சத்தம் கேட்டதுமே வந்திருப்பது தன் அண்ணன் ஷாகுல்தான் என்று சாஜிதாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இப்படிச் சடாரென்று பிரேக் அடிக்கிற ஆள் இல்லையே அவன்! கையிலிருந்த காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"மேடம், என் மானம் போவுது. நீங்கதான் காப்பாத்தணும்!" என்று கூவிக்கொண்டே உள்ளே வந்தான் ஷாகுல்.

"முதல்ல உக்காரு" என்றார் லோகநாயகி.

லோகநாயகி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் பொய்களைச் சிரிக்காமல் கேட்டுப் பழகியவர். அக்கம்பக்கத்தில் நகை காணோம், நாய்க்குட்டி காணோம் என்றால் போலீஸுக்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள். தாம்பரம் வட்டார வாரப் பத்திரிகையில் நிருபராக இருக்கும் சாஜிதாவோ, எந்தக் கேஸ் வந்தாலும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். காலையில் கோலப் போட்டியைப் படம் எடுத்துவிட்டு, வெயில் தாழட்டும் என்று அவர் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

ஷாகுல் பம்மலில் மைக் செட் வாடகைக்கு விடுபவன். மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் நடக்கும் மார்கழிக் கலை விழாவுக்கு அவன் செட்தான். பிற்பகலில் பாட்டுக் கச்சேரி, ஆறு மணிக்கு ஜெயஸ்ரீ என்ற பெண்ணின் பரதநாட்டியம்.

"ஜெயஸ்ரீ ஆட வேண்டிய பாட்டு மொத்தமும் ஒரே சி.டி.ல கீது மேடம். கச்சேரிக்கு முன்னாடி டீச்சர் குடுத்தாங்க. போட்டுப் பார்த்து, உறையில வெச்சு, டேபிள் மேல வெச்சேன். கச்சேரி ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ஒரு மைக் மக்கர் பண்ணிச்சு. மேடைகிட்ட போய் ஒயரைப் புடிச்சிகினு நின்னேன். கச்சேரி முடிஞ்சு பார்த்தா, உறை கீது, சி.டி. இல்ல!"

"வேற காப்பி?"

"டீச்சர் வூட்ல இருந்தது கீறல் வுழுந்து பூட்ச்சாம். பதிவு பண்ண ஸ்டூடியோ ஞாயித்துக்கிழமை தொறக்காது. நான்தான் தொலைச்சிட்டேன்னு எல்லாரும் என்னைப் புடிச்சு ஏறுறாங்க."

மணி ஐந்தாகிவிட்டிருந்தது. சாஜிதா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மண்டபம் தேர்க்கூட்டமாக இருந்தது. பின்பக்க ஒப்பனை அறையில், தலை நிறையப் பூவும் கண் நிறையத் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தாள் ஜெயஸ்ரீ. பக்கத்தில் அவள் அம்மா பூவம்மாள், கானத்தூர்க் குப்பத்திலிருந்து வந்து மீன் விற்பவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் கெடுன்னு சொல்லிட்டேம்மா" என்றாள் லோகநாயகியிடம். "நாட்டியப் பள்ளிக்கூடத்துப் பெரியம்மா வந்துகீறாங்க. பாத்துப் புடிச்சிருந்தா, செலவில்லாம அவங்களே கத்துக் குடுப்பாங்களாம். ஒரே ஒரு எடம். இல்லன்னா பொங்கல் முடிஞ்சு இவ மெப்ஸு கம்பெனிக்குத் துணி தைக்கப் போவணும். எத்தினி நாளிக்கு நானும் ஒருத்தியா ஓடறது?"

"அந்தம்மா எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"ஏழு மணிக்கு ரயிலைப் புடிக்கணுமாம்."

லோகநாயகி ஜெயஸ்ரீயின் தோளைத் தட்டினார். "பூவைக் கழட்டாதே. அப்படியே இரு" என்று மட்டும் சொன்னார். அண்ணனின் பெயரும் இந்தப் பெண்ணின் எதிர்காலமும் ஒரு வட்டத் தகட்டில் மாட்டிக்கொண்டிருந்தன.

மைக் கெட்டுப்போவதற்குச் சற்று முன்னால் தன் மேஜைக்கு வந்து, சி.டி. அங்கே இருப்பதைப் பார்த்தவர்கள் மூன்று பேர் என்றான் ஷாகுல். ஜெயஸ்ரீக்கு அடுத்து ஆடவிருந்த ஷர்மிளா, தன் சி.டி.யைக் கொடுக்கப் போயிருந்தாள். கேன்டீன்காரர் ஷாகுலுக்கு டீ கொண்டுபோய் வைத்திருந்தார். ஷர்மிளாவின் சித்தப்பா துளசிங்கம், சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போயிருந்தார்.

"ஷர்மிளாதான் அக்கா!" என்று கிசுகிசுத்தாள் சாஜிதா. "இருக்கிறது ஒரு இடம். ஜெயஸ்ரீ ஆடலைன்னா அது அவளுக்குத்தானே?"

"காலைப் பார்த்தியா அவளுக்கு?"

ஷர்மிளா இரண்டு கால்களையும் நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் முழுக்கச் சிவப்புச் சாயம், இன்னும் ஈரமாகப் பளபளத்தது. "சி.டி.யைக் குடுத்துட்டு வந்ததும் வெச்சு விட்டாங்க ஆன்ட்டி. ஒரு தடவை கலைஞ்சு மறுபடி வெச்சாங்க. காயறவரைக்கும் தரையில கால் வைக்கவே கூடாதுன்னுட்டாங்க" என்றாள். தரையில் எங்கும் ஒரு சிவப்புச் சுவடும் இல்லை.

அடுத்து கேன்டீன். அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் கேன்டீன்காரர். தட்டில் போண்டா மலையாகக் குவிந்து ஆறிப்போயிருந்தது.

"டீயை வெச்சிட்டு நேரா வந்து சட்டியில எண்ணெய் ஊத்தினேன்க்கா. அத்தோட நகரவேயில்ல. கச்சேரியை நம்பி இம்மாம் மாவு கரைச்சேன். பாருங்க, அப்டியே கீது. ஒரே பேஜாரு!"

சாஜிதா இரக்கப்பட்டு ஒரு போண்டா வாங்கினாள். கல்லாக இருந்தது. கேன்டீன் வாசலில் மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்த வித்வானின் முகம் உர்ரென்று இருந்தது.

"கச்சேரி நல்லா இருந்துச்சா சார்?" என்றாள் சாஜிதா.

"அதை மைக் பிடிச்சுப் பேசின விருந்தினரைக் கேளும்மா. ஒரு மணி நேரம் பேசினார். என் கைக்கு இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

துளசிங்கம் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குரோம்பேட்டைக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, விரலில் ராசிக்கல் மோதிரம். தாளம் போட்டுக்கொண்டே பேசுகிற மனிதர்.

"கச்சேரின்னா எனக்கு உசிரு மேடம். வால்யூமைக் குறைக்கச் சொல்லிட்டு வந்து இதே சீட்ல உக்காந்தேன், அசையலை. தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் எல்லாரையும் போல நானும் கேன்டீனுக்குப் போனேன். செம கூட்டம். இடிச்சுப் பிடிச்சு ஒரு காபி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அந்த மைக் செட் பையன் மேல எனக்கு முதல்லேர்ந்தே டவுட். போலீஸைக் கூப்பிடுங்க."

சாஜிதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. லோகநாயகி அவள் கையை அழுத்தி அடக்கினார். அவர் முகத்தில் மெல்லிய சந்தோஷம் தெரிந்தது. டிக்கெட் இல்லாத ஆளைப் பார்த்துவிட்ட முகம் அது.

"எல்லாரையும் ஒப்பனை அறைக்கு வரச் சொல்லு" என்றார்.

எல்லோரும் கூடியபோது ஆறடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. லோகநாயகி குரலை உயர்த்தவேயில்லை.

"ரயில்ல டிக்கெட் இல்லாதவங்களைக் கண்டுபிடிக்க நான் டிக்கெட்டே கேக்க மாட்டேன். 'எங்கே ஏறினீங்க'ன்னு கேப்பேன். ஏறாத ஸ்டேஷனைச் சொல்றவங்க, அங்கே வழக்கமா என்ன நடக்குமோ அதைச் சொல்வாங்க. இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது." துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எப்போ கேன்டீனுக்குப் போனீங்க?"

"சொன்னேனே. தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும்."

"நம்ம ஊர் சபாவுல அதுதான் வழக்கம். பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கத்தைத் தனியா வாசிக்க விட்டதும், பாதிப் பேர் காபிக்கு எழுந்திருவாங்க. கேன்டீன்காரர் அந்த நேரத்தை நம்பித்தான் மாவு கரைக்கிறார். ஆனா இன்னிக்குப் போண்டா ஏன் மலை மாதிரி கிடக்கு? மிருதங்கக்காரர் ஏன் கைக்கு லீவுன்னு கோவிச்சுக்கிட்டுப் போறார்?"

"அல்லா!" என்று கத்தியே விட்டாள் சாஜிதா. "யாரும் எழுந்து போகலை! இன்னிக்குத் தனி ஆவர்த்தனமே நடக்கலை!"

"ஷாகுல், நடந்துச்சா?"

"எங்க மேடம்? விருந்தினரு பேசியே நேரத்தைத் துன்னுட்டாரு. தனியை வுட்டுட்டு நேரா மங்களம் பாடி முடிச்சிட்டாங்க. நீங்க அதைக் கேக்கவேயில்லயே!"

"உன்னைக் கேட்டிருந்தா நீ ஊருக்கே சொல்லியிருப்பே." லோகநாயகி துளசிங்கத்தை நேராகப் பார்த்தார். "நீங்க மண்டபத்துலயே இல்லை சார். ஷாகுல் ஒயரைப் பிடிச்சிட்டு நின்னப்போ சி.டி.யை எடுத்தீங்க. எடுத்துட்டு வெளிய போயிட்டீங்க. எங்கே?"

துளசிங்கத்தின் விரல்கள் தாளத்தை மறந்து நின்றன. "நான்... குழந்தைக்காகத்தான்... அவளும் எத்தனை வருஷமா..."

"சித்தப்பா!" ஷர்மிளா ஈரக் காலோடு தரையில் இறங்கிவிட்டாள். "நான் கேட்டேனா உங்களை? அவ ஆடாம எனக்கு அந்த இடம் கிடைச்சா, நாளைக்கு கிளாஸ்ல எந்த மூஞ்சியோட அவ பக்கத்துல நிப்பேன்? எங்கே வெச்சிருக்கீங்க?"

"வீட்டுல... பீரோல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

குரோம்பேட்டை! ஞாயிற்றுக்கிழமை மாலை ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல்! சாஜிதா மணியைப் பார்த்தாள்.

"ஷாகுல், சாரைப் பின்னால ஏத்திக்கோ" என்றார் லோகநாயகி.

"வா சார், நல்லா புடிச்சிக்கோ" என்று ஷாகுல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். தான் திருட்டுப்பட்டம் கட்டிய பையனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு போனார் அந்தப் பெரிய ரசிகர்.

"அதுவரைக்கும் நான் ஆடறேன்" என்றாள் ஷர்மிளா. "என் வர்ணம் ரொம்ப நீளம். சி.டி. வந்ததும் சொல்லுங்க, எந்த இடமா இருந்தாலும் நிறுத்திக்கறேன்."

மைக் செட்டுக்கு ஆள் வேண்டுமே? சாஜிதா போய் உட்கார்ந்தாள். அண்ணன் எப்போதோ விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்த பித்தான்கள். திரை விலகியது, பாட்டு ஒலித்தது, ஷர்மிளா ஆடினாள். அழகாகத்தான் ஆடினாள். சாஜிதாவின் கண் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. முன்வரிசையில் நாட்டியப் பள்ளி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சற்று நேரத்தில் மறுபடியும் பார்த்தார்.

வாசலில் ஷாகுல்! ஒரு கையில் சி.டி.யைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தான். மேடையிலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள் ஷர்மிளா. சொன்ன சொல் தவறாமல், வர்ணத்தின் நடுவிலேயே நின்று, சபையைப் பார்த்துக் கை கூப்பினாள். சாஜிதா பாட்டை மெல்லக் குறைத்து நிறுத்தினாள். விஷயம் தெரியாத ஜனங்கள் கைதட்டினார்கள்.

பிறகு ஜெயஸ்ரீ வந்தாள். அழுது வீங்கிய கண்கள்தான். ஆனால் முதல் அடி விழுந்ததும் மண்டபத்தில் குழந்தைகள்கூட வாய் மூடின. ஷாகுல் தங்கையின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். சாஜிதா அழுதுகொண்டே சிரித்தாள். நாட்டியப் பள்ளி அம்மாள் அதன்பின் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. ஏழு மணி தாண்டியது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக ஒப்பனை அறைக்கு வந்தார்.

"பொங்கல் கழிச்சு வந்து சேர்ந்துடும்மா. தங்கறதுக்கு இடம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு" என்றார் ஜெயஸ்ரீயிடம்.

ஜெயஸ்ரீ திரும்பி அம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் பூவம்மாளைப் பார்த்தார்கள். மெப்ஸில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவள் அவள்தானே?

பூவம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"பொங்கல் இன்னாத்துக்கும்மா?" என்றாள். "நாளிக்கே கூட்டிகினு வரேன்."