பழுப்புப் பெட்டியும் பிக்கட்டி பஸ்ஸும்

“ஏன் சுமா, இந்தப் பெட்டியை நீ ஒருத்திதான் தொறக்கறே போலிருக்குது?”

நூலக வேனில் வரும் பாண்டியன் அண்ணன் கேட்டபோது என் தலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதனால் பதிலும் பெட்டிக்குள்ளிருந்தே வந்தது.

“ஆமாங்கண்ணா. யாரும் தள்ளமாட்டாங்க. நிம்மதியா இருக்குதுங்க.”

மாதத்துக்கு ஒருமுறை எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு நூலக வேன் வரும். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும். அதில் இரண்டு பெட்டிகள். பச்சைப் பெட்டியில் கதைப் புத்தகங்கள். அதைச் சுற்றி எப்போதும் கூட்டம். முழங்கையில் பலம் உள்ளவர்களுக்குத்தான் புத்தகம் கிடைக்கும். பழுப்புப் பெட்டியில் உண்மையாக நடந்த விஷயங்கள்: வரலாறு, அறிவியல், பயணம். அதைச் சுற்றி நான் இருப்பேன். சில நாள், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டு நாயும் இருக்கும்.

“உனக்கு நிம்மதிதான்” என்றார் அண்ணன். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. “எடுக்க ஆளில்லாத பெட்டியை எதுக்கு மலை மேல தூக்கிட்டுப் போறீங்கன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க கண்ணு. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா இந்தப் பெட்டி வராது. பச்சைப் பெட்டியே ரெண்டா வந்துரும்.”

என் வயிற்றுக்குள் ஒரு காட்டெருமை எழுந்து நின்றது.

எங்கள் ஊரில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை எழுந்து நின்றால், யாரும் அசையமாட்டோம். நானும் அசையவில்லை.

பெட்டியின் அடியில், கடலுக்குள் மூழ்கிய ஒரு பழைய கப்பலைப் பற்றிய புத்தகம் இருந்தது. ஒருவருக்கு ஒரு புத்தகம்தான் தருவார்கள். அதனால் அதை அடுத்த மாதத்துக்காக எல்லாவற்றுக்கும் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்த மாதம் என் கையில் இருந்தது உருளைக்கிழங்கின் வரலாறு. பெட்டியே வராவிட்டால் என் கப்பல் என்ன ஆவது? அது இரண்டாவது முறையும் மூழ்கிவிடும்.

“நான் ஆள் சேக்கறேங்கண்ணா” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

முதலில் ரேகாவைப் பிடித்தேன். அவள் என் வகுப்பு, என் பெஞ்சு. பேய்க் கதை தவிர வேறு எதையும் தொடமாட்டாள்.

“ரேகா, நம்ம மலை ரயிலைப் பத்தி ஒரு புத்தகம் இருக்குதுடி. அவ்வளவு செங்குத்தா ஏறுதே, ஏன் வழுக்கறதில்ல தெரியுமா?”

“ஏன்?”

உடனே சொன்னேன். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருப்பதைச் சொன்னேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரத்தைச் சொன்னேன். எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுவதைச் சொன்னேன். படங்களைக்கூடக் காற்றில் வரைந்து காட்டினேன். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கும்வரை சொன்னேன்.

“சூப்பர்டி!” என்றாள் ரேகா.

“அப்போ வேன் வந்ததும் எடுத்துக்குவியா?”

“எதுக்கு? அதான் நீயே முழுசா சொல்லிட்டியே. இனி அதுல படிக்க என்ன இருக்குது?”

காட்டெருமை என் வயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

வீட்டிலும் முயன்று பார்த்தேன். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உதறிக் காயப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். வானவியலைப் பற்றிய புத்தகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா தூங்கிவிட்டார்.

நான் இப்படித்தான். பாதியில் நிறுத்து என்றால் வாய் கேட்காது. நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு காலை. பஸ் நிழற்குடையில் நாங்கள் நின்றிருந்தோம். மூடுபனியில் எதிரில் இருக்கும் சில்வர் ஓக் மரமே தெரியவில்லை. எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் பிக்கட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பது எங்கள் ஊரில் ஒரு பாடம் மாதிரி. அது என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. டிரைவர் மாரிச்சாமி மாமாவைக் கேட்டால், “பஸ் வந்துருச்சில்ல, அதுக்குச் சந்தோசப்படு” என்பார்.

ராஜசேகர் குளிரில் குதித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு பயிர் போட்டிருக்கிறார்கள்.

“தினமும் உருளைக்கிழங்குக் குழம்பு. இதை யாருதான் கண்டுபிடிச்சாங்களோ” என்று சலித்துக்கொண்டான்.

என் காது நிமிர்ந்தது.

“ஒரு காலத்துல ஐரோப்பாவுல பல பேரு உருளைக்கிழங்கைத் தொடவே பயந்தாங்க, தெரியுமா? நோய் வரும்னு நெனச்சாங்க.”

“நெசமாவா? அப்புறம் எப்படித் தின்னாங்க?”

“பிரான்ஸ் நாட்டுல ஒருத்தர் இருந்தாரு. எப்படியாவது சனங்களைச் சாப்பிட வைக்கணும்னு பாத்தாரு. ஒரு நிலம் முழுக்க உருளைக்கிழங்கு நட்டாரு. சுத்தியும் துப்பாக்கியோட காவலுக்குச் சிப்பாய்களை நிறுத்தினாராம். பகல் பூரா கண்கொத்திப் பாம்பா காவல். ஆனா பொழுது சாஞ்சா, எல்லாரும் ஊட்டுக்குப் போங்கன்னு காவலை அனுப்பிருவாராம்.”

“என்ன லூசு! ராத்திரிதான திருட வருவாங்க? ஏன் அனுப்பினாரு?”

“ஏன்னா...”

பாம்! பாம்!

பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. பிக்கட்டி பஸ்! சரியான நேரத்துக்கு! எல்லோரும் முட்டி மோதி ஏறினோம். நான் முன்பக்கம் தள்ளப்பட்டேன். ராஜசேகர் பின்பக்கம் போனான்.

பள்ளியில் இறங்கியதும் அவன் ஓடி வந்தான்.

“ஏன் சுமா, காவலை எதுக்கு அனுப்பினாரு?”

இடைவேளையில் மறுபடி வந்தான். மதியம் தன் தட்டில் இருந்த முட்டையைத் தருவதாகச் சொன்னான். ராஜசேகர் முட்டையை விட்டுக்கொடுப்பதா!

பதில் என் நாக்கு நுனியில் குதித்தது. வாயைத் திறந்தேன். ரேகா சொன்னது ஞாபகம் வந்தது. இனி அதுல படிக்க என்ன இருக்குது?

வாயை மூடிக்கொண்டேன். பல் வலிப்பதுபோல் இருந்தது.

“புத்தகத்துல இருக்குது. வேன் வர்ற அன்னைக்கு நான் திருப்பிக் குடுத்துருவேன். நீ எடுத்துக்க.”

“போடி! எங்கப்பா போன்ல தேடிப் பாத்துக்கறேன்.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் எங்கள் எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். மறுநாள் ராஜசேகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“தொட்டிகிட்ட காட்டெருமை நிக்குது. நகரவே மாட்டேங்குது.”

என் வயிற்றிலிருந்து கிளம்பிப் போனதாகத்தான் இருக்கும். நன்றி சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நிழற்குடையில் ஒரு வேலை செய்தேன். யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் காது கொடுத்துக் கேட்டேன். (எனக்கு வாய் மட்டுமல்ல, காதும் உண்டு என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.) அதற்குத் தகுந்தபடி, நான் முன்பு படித்த ஒரு புத்தகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பனிக்குள் பஸ் விளக்கு தெரிந்ததும், எந்த இடமானாலும், நிறுத்தினேன்.

ரேகாவுக்கு எகிப்து.

“செத்துப்போன ராசாவோட மூளையை வெளிய எடுப்பாங்க. ஆனா தலையை உடைக்கவே மாட்டாங்க.”

“அப்போ எந்த வழியாடி எடுப்பாங்க?”

“அதோ பஸ்.”

“சுமா! உன்னை நான் கொல்லப்போறேன்!”

ஐந்தாம் வகுப்பு தெய்வம்மா மட்டும் எதுவும் கேட்கமாட்டாள். எங்களுக்கு அடுத்த லைனில் இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். நூலக வேன் பக்கம் வந்ததே இல்லை. ஒரு நாள், எல்லோரும் பஸ்ஸில் ஏறும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, எங்க தாத்தாவெல்லாம் இலங்கையில இருந்து கப்பல்ல வந்தாங்களாம். அப்ப கொண்டுவந்த தகரப்பெட்டி இன்னும் வீட்டுல இருக்கு. ஒரு கப்பல் முங்கிப்போனா, உள்ள இருக்கிற பெட்டியெல்லாம் என்னக்கா ஆகும்?”

வாயைத் திறந்தேன். அந்தப் புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லையே!

“தெரியலையே தெய்வம்மா” என்றேன். நான் அப்படிச் சொன்னதைக் கேட்டு ரேகா திரும்பிப் பார்த்தாள்.

வேன் வரவேண்டிய நாளும் வந்தது. கூடவே மழையும் வந்தது. பாதையில் மரம் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். கொழுந்துக் கொட்டகையில் நாங்கள் நனைந்த கோழிகள்போல் நின்றோம். நேரம் போகப் போக ஒருவர் இருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

“ராஜசேகர், போயிராதடா. கொஞ்சம் இரு.”

“அப்போ காவலை ஏன் அனுப்பினாருன்னு சொல்லு, இருக்கேன்.”

சொன்னால் அவன் இருப்பான். ஆனால் புத்தகம் எடுக்கமாட்டான். சொல்லாவிட்டால் போய்விடுவான். நான் நகத்தைக் கடித்தேன். கடிக்க நகம் மிச்சமில்லை. விரலைக் கடித்தேன்.

அப்போது மழைக்குள் வேனின் ஹாரன் கேட்டது.

பாண்டியன் அண்ணன் கதவைத் திறந்ததும் முழங்கைகள் பாய்ந்தன. அண்ணன் வழக்கம்போலப் பச்சைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் அவரைத் தாண்டிப் போனது.

“என்றா இது? அது பழுப்புப் பெட்டிடா!”

“தெரியுமுங்கண்ணா! தள்ளுங்க!”

நான் நீட்டிய உருளைக்கிழங்கு அண்ணன் கைக்குப் போகுமுன்னே ராஜசேகர் பறித்தான். அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டினான். “அட!” என்று கத்தினான். ரேகா எகிப்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “உவ்வே!” என்று மகிழ்ச்சியாகச் சொன்னாள். ரயில் போனது. வானம் போனது. பெட்டியில் கடைசியாக ஒரே ஒரு புத்தகம் மிஞ்சியது. என் கப்பல்.

எடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“அண்ணே.” கொட்டகைத் தூணுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல். தெய்வம்மா. “கப்பல் பத்தி ஏதாச்சும் இருக்குங்களா?”

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தை நான் ஒளித்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வா என்று சொல்லலாம். ஆனால் அவள் முதல்முறையாக வந்திருக்கிறாள். வெறும் கையோடு போனால் மறுபடி வருவாளா? வயிற்றுக்குள் காட்டெருமை என்னை முறைத்தது. நானும் அதை முறைத்தேன்.

“இந்தா” என்று நீட்டினேன். புத்தகத்தை விடுவதற்கு என் விரல்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நனைச்சிராத. பாவாடைக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடு.”

அவள் ஓடினாள்.

காலிப் பெட்டியை அண்ணன் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். “ஆபீஸ்ல இதைத்தான் காட்டணும். அடுத்த மாசம் பெரிய பெட்டியாக் கொண்டாறேன். சரி, உனக்கு?”

பச்சைப் பெட்டியில் ஒரு பேய்க் கதை இருந்தது. அதை எடுத்துப் போனேன். முதல் பக்கத்திலேயே பயந்து, அம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு படித்தேன்.

திங்கட்கிழமை. நிழற்குடை. பனி. தூரத்தில் தெய்வம்மா ஓடி வருவது தெரிந்தது. அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

“அக்கா! முழுசாப் படிச்சிட்டேன்! அந்தக் கப்பலுக்குள்ள ஒரு பெட்டி கெடைச்சுதுக்கா! அதைத் தொறந்து பாத்தா...”

“ஐயோ, சொல்லாத!”

“இல்லக்கா, கேளுங்களேன், உள்ள என்ன இருந்துச்சுன்னா...”

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பனிக்குள் மஞ்சள் விளக்கு தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

பிக்கட்டி பஸ் மட்டும், வழக்கம்போல, வரவே இல்லை.