கஞ்சிப்பாசிக்கு அம்மை போட்டபோது

காலாண்டுப் பரீட்சை லீவில் எங்கள் வீட்டுக்குக் கடல் வந்தது.

கோயம்புத்தூரில் கடல் கிடையாது. எங்கள் சிங்காநல்லூரில் ஒரு குளம் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் கடலே கேனில் உட்கார்ந்து, ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறி, ராமேஸ்வரம் பக்கம் கடற்பாசி பற்றிப் பாடம் நடத்தும் ஜெயக்கொடி அத்தையோடு வந்து சேர்ந்தது. மொத்தம் இருபது லிட்டர்.

என் தம்பி ஜேக் தெருவில் நாற்பது லிட்டர் என்று சொல்லிவிட்டான். அவன் எதையும் இரண்டு மடங்காகத்தான் சொல்வான். அது 1998. அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. எங்கள் இருவரில் கணக்கைச் சரியாகச் சொல்வது நான் மட்டும்தான். அதனால் நீங்கள் இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை அந்தத் தண்ணீரைப் பின்கட்டில் ஒரு நீல டப்பில் ஊற்றினார். மீன்தொட்டிக் காற்றுக்குழாயை உள்ளே விட்டார். கடைசியில், ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கொத்தை எடுத்து மெல்ல மிதக்க விட்டார். கருஞ்சிவப்பாக, கோழி கிளறிப்போட்ட நூல்கண்டு மாதிரி இருந்தது.

"இதுக்காகவா அத்தை ராத்திரியெல்லாம் தூங்காம வந்தீங்க?" என்றான் ஜேக்.

"இது கஞ்சிப்பாசிடா, கஞ்சி காய்ச்சற கடல்பாசி. எங்க கடற்கரையில பொம்பளைங்க இதைக் கயித்துல கட்டிக் கடல்ல வளர்க்கறாங்க. இந்த வருசம் நோய் வந்து எல்லாக் கயிறும் வெளுத்து அழுகிப் போச்சு. இந்தக் கொத்து மட்டும் தப்பிச்சுது. அவங்க மறுபடி நடறதுக்கு இதுதான் விதை. இது போனா, அவங்களுக்கு நட ஒண்ணுமே இல்லை."

நான் குனிந்து பார்த்தேன். ஒரு நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

"இதுக்கும் நோய் வந்திருக்கே அத்தை!"

"வந்திருக்கு. ஆனா அதுவே சண்டை போடுது. கிருமி இதோட சுவரைக் கடிக்கும்போது தூள் உதிரும். 'அடடா, இது என் வீட்டுக் காரை ஆச்சே!'ன்னு பாசி கண்டுபிடிச்சுடும். உடனே ஒரு மருந்தைத் தானே சுரந்து கிருமியை விரட்டும். போன வாரம் முட்டிக் காயத்துல ஊத்தினப்ப நுரை நுரையாப் பொங்குச்சுன்னு ஜேக் சொன்னானே, அதே மருந்துதான், ஹைட்ரஜன் பெராக்சைடு."

ஜேக் தன் முட்டியையும் பாசியையும் மாறி மாறிப் பார்த்தான். "அழுதுச்சா அத்தை?"

"உன்னை மாதிரி அழாது."

திங்கட்கிழமை அந்தப் பாசியை இங்கே ஒரு கல்லூரியில் பெரிய நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குள் வால்பாறையில் அத்தையின் தோழிக்குக் கல்யாணம். சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது அத்தை என்னிடம் சொன்னார்:

"ரெபேக்கா, மருந்து எதுவும் போடக் கூடாது. போட்டா, ஜெயிச்சது பாசியா மருந்தான்னு தெரியாமப் போயிடும். அழுக்குக் கை உள்ளே போகக் கூடாது. இந்தப் பாட்டில்ல ஒரு லிட்டர் கடல்தண்ணி தனியா இருக்கு, கல்லூரிக்கு. அதைத் தொடாதே."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் அத்தை ஒன்றை மறந்துவிட்டார். பக்கத்து வீட்டுச் செல்லாத்தா அக்காவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

செல்லாத்தா அக்கா இரண்டு எருமை வைத்திருந்தார். பால் சொசைட்டிக்கு ஊற்றுவார். எங்கள் தெருவில் ஆளுக்கோ கோழிக்கோ காய்ச்சல் வந்தால், டாக்டருக்கு முன்னால் அவர் வந்து நிற்பார்.

சனிக்கிழமை மதியம் அம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். நானும் ஜேக்கும் கடைக்குப் போய்விட்டுப் பத்தே நிமிடத்தில் திரும்பினோம். ஜேக் இருபது என்பான். டப்பின் பக்கத்தில் செல்லாத்தா அக்கா காலிக் குடத்தோடு நின்றிருந்தார்.

"வா கண்ணு. பாவம், கடலுக்கு அந்தப்பக்கமிருந்து வந்த விருந்தாளி. உப்புத் தண்ணியிலயே கெடக்குது. இன்னிக்குத்தான் சிறுவாணித் தண்ணி வந்துச்சு. ஒரு குடம் ஊத்தியுட்டேன். சிறுவாணி குடிச்சா செத்ததும் எந்திரிச்சு ஒக்காந்துக்கும்!"

ஓடிப் போய் டப்பை எட்டிப் பார்த்தேன். ஐந்து நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீர் அது. அதில் முழுசாக ஒரு குடம் தருவதென்றால் சொந்தத் தங்கைக்குக்கூட அவர் யோசிப்பார்.

"அக்கா, இது உப்புத் தண்ணியில மட்டும்தாங்க உயிரோட இருக்கும்."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப நான் கொன்னுபோட்டேனா அம்மணி?"

அவர் கண்ணைப் பார்த்ததும் என் கோபம் எங்கோ போய்விட்டது. "இல்லீங்க அக்கா. தாகம்னு நெனச்சுத்தானே குடுத்தீங்க. இதோட தாகம் வேற மாதிரி. உப்பைத் திருப்பிக் குடுத்துட்டா சரியாயிடும். ஊட்டுல கல்லுப்பு இருக்குங்களா?"

"ஒரு சாக்கே இருக்குது!"

ஓடிப் போய்ப் பெரிய டப்பா நிறைய உப்போடு வந்தார். அப்படியே கவிழ்க்கப் போனவரின் கையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். எவ்வளவு போடுவது? குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

"நான் நக்கிப் பாக்கறேன்!" என்றான் ஜேக். பாட்டில் மூடியில் ஒட்டியிருந்த சொட்டை நக்கினான். டப்பில் விரலை விடப் போனவனைத் தடுத்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். முகம் எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டும் உப்புத்தான்" என்று அறிவித்துவிட்டுத் துப்ப ஓடினான்.

அப்போதுதான் எனக்குப் பால் சொசைட்டி நினைவுக்கு வந்தது.

"அக்கா, பால்ல தண்ணி கலந்திருக்கான்னு சொசைட்டியில எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

செல்லாத்தா அக்கா இடுப்பில் கை வைத்தார். "என்ற பால்ல ஒரு சொட்டுத் தண்ணி இருக்குதுன்னு எவனாவது சொல்லட்டும், பாக்கறேன்!"

"உங்களைச் சொல்லலீங்க அக்கா! அந்தக் கண்ணாடிக் குழாய்."

"அதா? பாலுக்குள்ள மிதக்க உடுவாங்க. தண்ணி கலந்திருந்தா ஆழமா முங்கும். நல்ல பாலுன்னா தலையத் தூக்கி நிக்கும்."

பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத செல்லாத்தா அக்கா, கடலில் ஒரு குடம் கலந்துவிட்டார். அதையும் அதே மாதிரிக் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ரா ஒன்றை எடுத்தேன். அடியை மெழுகால் அடைத்து, அப்பா சைக்கிளுக்கு வாங்கி வைத்திருந்த குட்டி இரும்புக் குண்டு நான்கை உள்ளே போட்டு, நன்றாகக் கழுவினேன். தொடாதே என்ற பாட்டிலைத் தொட வேண்டியதாயிற்று. கழுவின செம்பில் கொஞ்சம் கடல்தண்ணீர் ஊற்றி ஸ்ட்ராவை விட்டேன். அது தலையைத் தூக்கி நின்றது. தண்ணீர் தொட்ட இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். டப்பில் விட்டால், கோடு உள்ளே முங்கிப் போயிற்று.

"தண்ணி கலந்த பாலு!" என்றார் அக்கா, சொசைட்டிக்காரர் குரலில்.

வேறு செம்பில் உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஊற்றுவதும் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம். கோடு மெல்ல மேலே வந்தது. தண்ணீர் மட்டத்தைக் கோடு தொட்டதும் ஜேக் விசிலடித்தான்.

ஆனால் பாசி கொஞ்சம் வாடியிருந்தது. அக்கா குனிந்து பார்த்து, நெஞ்சில் கை வைத்தார்.

"அம்மணி! நுனியில வெள்ளைப் புள்ளி! அம்மை போட்டிருக்குது! இரு, மஞ்சள் அரைச்சுக்கிட்டு வாரேன். மொளகு ரசம் ஒரு கரண்டி..."

நான் அவசரமாகக் கேட்டேன். "அக்கா, அம்மை போட்டவங்களுக்கு நீங்க மருந்து குடுப்பீங்களா?"

"ஐயோ, குடுக்கவே கூடாது கண்ணு! அது தானா எறங்கோணும்."

"கண்டவங்க கிட்ட வரலாமா?"

"வாசல்ல வேப்பிலை கட்டி, ஒருத்தரையும் உடமாட்டேன்!"

"அப்ப இதையும் நீங்கதான் பாத்துக்கோணும்."

செல்லாத்தா அக்கா பாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேப்ப மரத்தைத் தேடிப் போனார்.

கூட்டம் முடிந்து வந்த அம்மா, பின்கட்டு வாசலில் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்து அலறினார். "யாருக்குடி அம்மை?"

"கடலுக்கு!" என்றான் ஜேக்.

அதற்குப் பிறகு அந்த டப்பின் பக்கம் ஈகூட வரவில்லை. வந்த ஈயை அக்கா முறத்தால் விரட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தபோது, வாசலில் அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நில்லுங்க டீச்சரம்மா. காலைக் கழுவுங்க. கையையும் கழுவுங்க. சோப்புப் போட்டு!"

"அது என்னோட பாசிங்க."

"யாருதா இருந்தா என்னங்க? இப்ப அது படுத்திருக்குது."

அத்தை கழுவிவிட்டு உள்ளே வந்தார். டப்பை ஒரு நொடி பார்த்தார். "தண்ணி மேல ஏறியிருக்கே?"

"கொஞ்சம் சேர்ந்துடுச்சு அத்தை. பாட்டில்லயும் கொஞ்சம் எடுத்துட்டேன்" என்று தரையைப் பார்த்தேன்.

"கொஞ்சமெல்லாம் இல்லீங்க. ஒரு குடம், நாந்தான் ஊத்தினேன்" என்று அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "பொறவு இந்தப் புள்ளை பால் பாக்கற மாதிரி பாத்துச் சரி பண்ணிப்போட்டா!"

அத்தை ஸ்ட்ராவை எடுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "கடல்ல உப்பு மட்டும் இல்லை, வேறயும் நிறைய இருக்கு. ஆனா ரெண்டு நாளைக்கு இது போதும்." பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நாங்கள் மூவரும் கூடவே குனிந்தோம்.

வெள்ளைப் புள்ளி இருந்த நுனியைக் காணோம். அது உதிர்ந்து டப்பின் அடியில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் கருஞ்சிவப்பாக இருந்தது.

"நோய் பிடிச்ச நுனியை உதறிட்டு, மத்ததைக் காப்பாத்திக்கிச்சு" என்றார் அத்தை.

"எறங்கிருச்சு!" என்றார் செல்லாத்தா அக்கா. "அம்மை எறங்கினா தலைக்குத் தண்ணி ஊத்தோணும்..."

"வேண்டாம்!" என்று நானும் ஜேக்கும் அத்தையும் சேர்ந்து கத்தினோம்.

தைப் பொங்கலுக்கு அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. பாசியைத் துண்டு துண்டாகக் கட்டிக் கடலில் விட்டார்களாம். பத்துக் கயிற்றில் பிடித்து வளர்கிறதாம். செல்லாத்தா அக்கா அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஜேக் தெருவெல்லாம் ஓடி, இருபது கயிறு என்று சொல்லிவிட்டு வந்தான்.

நான் திருத்தவில்லை. பாசி வளரும் வேகத்துக்கு, அடுத்த மாதமே அவன் சொன்னது உண்மையாகிவிட்டது.